குளிரும் சேறும் தாங்கும் முப்பூ ஜங்கஸ்: ஓர் எளிய விளக்கம்

குளிர் நாட்டுச் செடி என்றால் அதற்குக் குளிர் பிடிக்கும். சதுப்பில் வளர்கிறது என்றால் அதற்குத் தண்ணீர் நிறைய வேண்டும். தாவரங்களைப் பற்றிப் பேச்சு வரும்போது இந்த இரண்டையும் அடிக்கடி கேட்கலாம். இரண்டிலும் உண்மை பாதிதான் இருக்கிறது. ஒரு செடி ஓர் இடத்தில் நிற்கிறது என்பதாலேயே அந்த இடம் அதற்குச் சுகமானது என்று சொல்லிவிட முடியாது. அங்கே அதனால் தாக்குப்பிடிக்க முடிகிறது, அவ்வளவுதான். தாக்குப்பிடிப்பதற்கும் விரும்புவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் குளிர் நிலத் தாவரங்களைப் பற்றிய பல குழப்பங்கள் தீரும்.

இதை விளக்க ஒரு சின்னஞ்சிறு செடியை எடுத்துக்கொள்கிறேன். அதன் அறிவியல் பெயர் ஜங்கஸ் டிரைக்ளூமிஸ். தமிழில் வழக்குப் பெயர் இல்லாததால் இந்தக் கட்டுரையில் முப்பூ ஜங்கஸ் என்று அழைப்போம். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ் 1753-ல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே, சைபீரியா, அலாஸ்கா, வட கனடா என்று வடதுருவத்தைச் சுற்றி ஒரு வளையம்போல இது பரவியிருக்கிறது. அப்புறம், வெகு தெற்கே ஆல்ப்ஸ், பிரனீஸ், ராக்கி மலைகளின் உயரங்களிலும் இருக்கிறது. நடுவிலுள்ள சமவெளிகளில் இல்லை. இந்த இடைவெளி எப்படி வந்தது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

ஆள் எப்படி இருக்கும்?

உயரம் பெரும்பாலும் 5 முதல் 20 சென்டிமீட்டர்தான். சிறு கொத்தாக முளைக்கும். இலைகள் நூல்போல மெல்லியவை, அடியிலிருந்தே கிளம்பும். தண்டு இலையில்லாமல் நேராக நிற்கும். அதன் உச்சியில் வழக்கமாக மூன்று பூக்கள், சில சமயம் இரண்டு, சில சமயம் நான்கைந்து. பூக்களைச் செம்பழுப்பு நிறச் செதில்கள் அணைத்திருக்கும். கோடை முற்றும்போது பூ இருந்த இடத்தில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு காய் உருவாகி மூன்றாக வெடிக்கும். உள்ளே இருக்கும் விதைகள் மிகச் சிறியவை. ஒவ்வொன்றுக்கும் இரு முனைகளிலும் வெள்ளை வால் உண்டு.

தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ புல் என்று கடந்து போய்விடுவோம். முதல் தவறு அங்கேதான் நடக்கிறது.

புல்லா, கோரையா?

ஒல்லியாக, பச்சையாக, நீட்டமாக இருப்பதையெல்லாம் புல் என்று சொல்லிவிடுகிறோம். தாவரவியலில் இது மூன்று தனித்தனிக் குடும்பங்கள்: புல் குடும்பம், கோரைக் குடும்பம், ஜங்கஸ் குடும்பம். நெல்லும் அறுகும் மூங்கிலும் முதல் குடும்பம். பத்தமடைப் பாய்க்கு உதவும் கோரை இரண்டாவது. ஜப்பானில் தரையில் விரிக்கும் தத்தாமி விரிப்புகளை நெய்ய உதவும் இகுசா மூன்றாவது, அதாவது நம் முப்பூ ஜங்கஸின் நேரடி உறவு. பாய் ஒன்றுபோல இருந்தாலும் செடி வேறு.

பிரித்தறிய விரலே போதும். புல்லின் தண்டில் கணுக்கள் இருக்கும், கணுக்களுக்கு இடையே பெரும்பாலும் உள்ளீடற்றிருக்கும். கோரையின் தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் பெரும்பாலும் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். ஜங்கஸின் தண்டு உருண்டையாக வழுக்கிக்கொண்டு போகும். விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் தொடக்கத்துக்கு இது நல்ல வழி.

சந்தேகம் தீராவிட்டால் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு பூவைப் பாருங்கள். புல்லிலும் கோரையிலும் பூ என்று நாம் எதிர்பார்க்கும் உருவமே இருக்காது, செதில்கள்தான் தெரியும். ஜங்கஸில் இரண்டு வரிசையில் மும்மூன்றாக ஆறு இதழ்கள் ஒழுங்காக விரிந்திருக்கும். லில்லிப் பூவைப் பல மடங்கு சுருக்கி, நிறத்தைக் கழித்துவிட்டதுபோன்ற அமைப்பு. ஒரு காய்க்குள் பல விதைகள் இருப்பதும் ஜங்கஸின் அடையாளம். புல்லிலும் கோரையிலும் ஒரு பூவுக்கு ஒரே விதைதான்.

ஆக, முப்பூ ஜங்கஸ் புல்லும் இல்லை, கோரையும் இல்லை. கோரைக் குடும்பம் அதற்கு மிக நெருங்கிய சொந்தம். புல் குடும்பம் கொஞ்சம் தள்ளிய சொந்தம்.

தண்ணீருக்குள் நிற்பது ஏன் கஷ்டம்?

நெல் வயலை நினைத்துப் பாருங்கள். வாரக்கணக்கில் தண்ணீரில் நிற்கிறது, செழித்து வளர்கிறது. பக்கத்துக் கொல்லையில் நிற்கும் மிளகாய்ச் செடியைச் சுற்றி மழைத் தண்ணீர் சில நாள் தேங்கினால் இலைகள் தொங்கிவிடும். சுற்றிலும் தண்ணீர் இருக்க, தண்ணீர் கிடைக்காத செடிபோல வாடும். இது ஏன்?

வேர் சுவாசிக்கிறது. மண்ணிலிருந்து நீரையும் உப்புகளையும் உள்ளே இழுக்கும் வேலைக்கு ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலுக்கு ஆக்சிஜன் வேண்டும். இலைதான் ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜனை உண்டாக்குகிறதே என்று தோன்றும். ஆனால் நம் உடலில் ரத்தம் செய்வதுபோல ஆக்சிஜனை உடல் முழுவதும் சுமந்து செல்லும் ஏற்பாடு செடியில் கிடையாது. வேர் தனக்கு வேண்டியதை மண் துகள்களுக்கு இடையே இருக்கும் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் தேங்கினால் அந்த இடைவெளிகள் நிரம்பிவிடுகின்றன. ஆக்சிஜன் நீருக்குள் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. மேலிருந்து புதிதாக வந்து சேர்வதற்குள், மண்ணிலிருந்த மிச்சத்தை நுண்ணுயிர்களும் வேர்களும் தீர்த்துவிடும். மிளகாய்ச் செடி வாடுவது வேர் மூச்சுத் திணறுவதால்.

அதோடு நிற்பதில்லை. ஆக்சிஜன் தீர்ந்த பிறகு சில நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள இரும்புத் துருவைப் பயன்படுத்திச் சுவாசிக்கத் தொடங்குகின்றன. அப்போது நீரில் கரையாத துரு, கரையும் இரும்பாக மாறிவிடுகிறது. அது அளவுக்கு மீறினால் வேருக்கு நஞ்சு. இன்னும் போனால் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் சல்ஃபைடு உண்டாகும். வயல் சேற்றைக் கிளறும்போது சில சமயம் எழும் வாடை அதுதான்.

நெல்லும் ஜங்கஸும் இதைச் சமாளிக்கும் வழி ஏறக்குறைய ஒன்றே. உடலுக்குள்ளேயே காற்று வழிகளை வைத்திருக்கின்றன. இலை, தண்டு, வேர் ஆகியவற்றின் உள்ளே செல்கள் விலகியோ மடிந்தோ உண்டாகும் காற்று நிறைந்த இடைவெளிகளைக் கொண்ட பகுதிக்குக் காற்றறைத் திசு என்று பெயர். இதன் வழியே மேலே உள்ள காற்று வேர் நுனிவரை இறங்குகிறது. பம்பு எதுவும் தேவையில்லை. ஆக்சிஜன் அதிகமுள்ள இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானாகவே பரவும். நீரில் ஆமை வேகத்தில் போவது, காற்றறைக்குள் தடையில்லாமல் போகிறது.

ஜங்கஸ் பேரினத்தில் மிக நன்றாக ஆராயப்பட்டது ஜங்கஸ் எஃப்யூஸஸ் என்ற பெரிய இனம். அதன் தண்டைப் பிளந்தால் நடுவில் பஞ்சுபோன்ற வெள்ளைச் சோறு, அதாவது தண்டின் மென்மையான உட்பகுதி, இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் நட்சத்திர வடிவச் செல்கள், கை நுனிகள் மட்டும் தொட்டுக்கொண்டு, நடுவில் இடம் விட்டு நிற்பது தெரியும். ஐரோப்பியக் கிராமங்களில் மெழுகுவத்தி வாங்க வசதியில்லாதவர்கள் இந்தச் சோற்றை உரித்து, கொழுப்பில் தோய்த்து விளக்காக எரித்தார்கள். காற்றுக்காக இருந்த இடைவெளிகள் கொழுப்பை உறிஞ்சிக்கொள்ளவும் பயன்பட்டன.

வேருக்கு வந்த ஆக்சிஜனில் கொஞ்சம் வெளியே கசிகிறது. இது வீண் அல்ல. வேரைச் சுற்றி மெல்லிய ஆக்சிஜன் உறை ஒன்று உண்டாகி, கரைந்திருக்கும் இரும்பு அங்கே மறுபடி துருவாகப் படிந்துவிடுகிறது. நஞ்சு வேருக்குள் போவது குறைகிறது. நெற்பயிரைச் சேற்றிலிருந்து பிடுங்கினால் வேரில் செம்பழுப்புப் பூச்சு தெரியுமே, அது இந்தத் துருதான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: சதுப்பில் பற்றாக்குறை ஆக்சிஜனுக்குத்தான். சதுப்புச் செடி என்பது அதிகம் நீர் குடிக்கும் செடி என்பதைவிட, காற்றை வேருக்குக் கொண்டுபோகத் தெரிந்த செடி என்பதே சரி.

எல்லா ஈர நிலமும் ஒன்றல்ல

சதுப்பு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். முப்பூ ஜங்கஸுக்கு அதில் பெரிய வேறுபாடு உண்டு. மழை நீர் மட்டுமே தேங்கி, பாசி அடுக்கடுக்காக மக்கிக் கிடக்கும் அமிலச் சதுப்பு ஒரு வகை. பாறைக்குள் ஊறி வெளிவரும் நீர், சரிவில் மெல்லிய படலமாக ஓடிக்கொண்டே இருக்கும் இடம் இன்னொரு வகை. இதைக் கசிவு நிலம் என்று சொல்லலாம். முப்பூ ஜங்கஸை அதிகம் பார்ப்பது கசிவு நிலத்தில். அந்த நீர் சுண்ணாம்புச் சத்துள்ள பாறை வழியாக வந்திருந்தால் இன்னும் நல்லது. ஓடும் குளிர்ந்த நீரில் தேங்கிய நீரைவிட ஆக்சிஜனும் கூடுதலாக இருக்கும்.

ஸ்காட்லாந்தின் 1214 மீட்டர் உயரமுள்ள பென் லாயர்ஸ் மலை இதற்குப் பேர்போனது. அங்குள்ள பாறையில் சுண்ணாம்புச் சத்து உண்டு, எளிதில் உதிரும். பிரிட்டனின் மற்ற பல மலைகள் அமிலப் பாறையால் ஆனவை, அவற்றில் இந்த வளம் இல்லை. பக்கத்துப் பக்கத்து மலைகள், ஒரே குளிர், ஒரே மழை. ஒன்றில் அரிய செடிகள் கூட்டமாக இருக்கும், மற்றதில் தேடினாலும் கிடைக்காது. குளிரை மட்டும் வைத்து ஒரு செடியின் இருப்பிடத்தை விளக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

குளிரை எப்படிச் சமாளிக்கிறது?

இதில் முதல் விஷயம் மொட்டு இருக்கும் இடம். டென்மார்க்கின் தாவரவியலாளர் கிறிஸ்டன் ரௌன்கியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கேள்வி கேட்டார்: மோசமான பருவத்தில் செடி தன் மொட்டை எங்கே வைத்திருக்கிறது? மரம் உயரத்தில் வைத்திருக்கிறது. கிழங்குச் செடி மண்ணுக்குள் வைத்திருக்கிறது. மண்ணின் மேற்பரப்பை ஒட்டியே வைத்திருக்கும் வகைக்கு நிலமட்ட மொட்டுச் செடி என்று பெயர். வடதுருவப் பகுதியில் இந்த வகைதான் அதிகம். முப்பூ ஜங்கஸும் அப்படியே. குளிர்காலத்தில் மேலே உள்ளது காய்ந்துபோகும். அடியில் மொட்டு பனிக்குக் கீழே கிடக்கும். பனிக்குள் காற்று நிறைய சிக்கியிருப்பதால் வெளியே உறைநிலைக்கு 30 பாகை கீழே போனாலும் தரை மட்டத்தில் அவ்வளவு குளிர் இருக்காது.

இரண்டாவது விஷயம் செல்லுக்குள் நடப்பது. பனிக்கட்டி செல்லுக்குள் உருவானால் செல் செத்துவிடும். குளிர் தாங்கும் செடிகளில் அது செல்லுக்கு வெளியே, இடைவெளிகளில் உருவாகிறது. உள்ளிருக்கும் நீர் மெல்ல வெளியே இழுக்கப்பட, எஞ்சிய சாறு அடர்த்தியாகி உறைவது கடினமாகிறது. இலையுதிர் காலத்தில் பகல் குறைந்து குளிர் ஏற ஏற, செடி இதற்குத் தயாராகிக்கொள்ளும். அதே செடியை நடுக்கோடையில் திடீரென்று கடுங்குளிரில் வைத்தால் இந்த அளவுக்குத் தாங்காது.

கோடை குறுகியது என்பது மூன்றாவது. பனி இல்லாத நாட்கள் சில இடங்களில் இரண்டு மாதம்கூட இருக்காது. அதற்குள் பூத்து, காய்த்து, விதை முற்ற வேண்டும். பல்லாண்டுச் செடியாக இருப்பதன் லாபம் இங்கே தெரிகிறது. ஒரு கோடை மோசமாகப் போய் விதை முற்றாவிட்டாலும் செடி அடுத்த கோடைக்கு இருக்கும்.

வடதுருவத்திலும் ஆல்ப்ஸிலும் ஒரே செடி

சரி, இப்போது அந்த இடைவெளிக்கு வருவோம். வடதுருவ நிலங்களிலும் தெற்கத்திய உயர்மலைகளிலும் இருந்து, நடுவில் இல்லாத தாவரங்களை வடதுருவ-மலையுச்சித் தாவரங்கள் என்கிறார்கள். முப்பூ ஜங்கஸ் அதற்கு நல்ல உதாரணம். இமயமலைப் பகுதியில் இதன் நெருங்கிய உறவான ஜங்கஸ் தாம்சோனியை வளர்கிறது.

சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன் கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தது. ஸ்காண்டிநேவியா முழுவதும் பனிப்பாளத்தின் கீழ். ஆல்ப்ஸும் பனிக்குள். இரண்டுக்கும் நடுவே இன்று ஜெர்மனி இருக்கும் சமவெளியில் மரங்கள் அநேகமாக இல்லை. குளிர்ந்த, திறந்த நிலம். குளிர் தாங்கும் செடிகளுக்கு அப்போது சமவெளியே வீடு. பிறகு பூமி சூடானது, பனி விலகியது, காடு சமவெளியை மூடியது. அந்தச் செடிகளுக்கு மிஞ்சியது வடக்கும் மலையுச்சிகளும்.

இதைச் சொல்லும்போது "செடிகள் மலைமேல் ஏறிப்போயின" என்று எழுதுவார்கள். எந்தச் செடியும் எங்கும் போகவில்லை. மேலே விழுந்த விதைகள் பிழைத்தன, கீழே நின்ற செடிகள் தலைமுறை தலைமுறையாக அழிந்தன. அவ்வளவுதான் நடந்தது. இப்படிப் பழைய பரவலின் மிச்சமாக அங்கங்கே தங்கிவிட்டவற்றை எச்சத் தாவரங்கள் என்கிறோம்.

சான்று இருக்கிறதா? ட்ரையஸ் ஆக்டோபெடலா என்ற குளிர்நிலச் செடியின் இலைகள் டென்மார்க்கின் தாழ்நிலக் களிமண்ணில் புதைந்து கிடைத்திருக்கின்றன. பனியுகத்தின் கடைசிக் கடுங்குளிர்க் கட்டத்துக்கே அந்தச் செடியின் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டம் முடிந்தது சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன். ஜங்கஸின் மகரந்தம் மெல்லிய சுவருடையது, மண்ணில் அரிதாகவே நிலைக்கும். அதனால் மகரந்தத்தை வைத்துப் பழங்காலத்தை எழுதும் ஆய்வுகளில் ஜங்கஸ் இருந்தும் இல்லாததுபோல ஆகிவிடுகிறது.

நமக்குப் பக்கத்திலும் இப்படி ஒரு புதிர் உண்டு. நீலகிரியின் சோலை ஓரங்களில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசு, இமயமலை ரோடோடென்ட்ரானின் மிக நெருங்கிய சொந்தம். நடுவில் இருக்கும் தக்காணச் சமவெளியில் அது கிடையாது. குளிர்ந்த பழங்காலத்தோடு இணைத்துத்தான் அதையும் விளக்க முயல்கிறார்கள்.

அப்படியானால் கீழே ஏன் வளர்வதில்லை?

இந்தக் கட்டுரையின் மையம் இதுதான். பல மலையுச்சிச் செடிகளைச் சமவெளித் தோட்டத்தில் வளர்க்க முடிகிறது, ஒரு நிபந்தனையோடு: சுற்றிலும் களை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். களை எடுப்பதை விட்டால் உயரமான செடிகள் மூடிவிடும். 15 சென்டிமீட்டர் செடிக்கு வெயில் படாது, செத்துவிடும். அதாவது பல இடங்களில் அதைத் தடுப்பது வெப்பம் மட்டுமல்ல, நிழல்.

குளிரும் சேறும் கசிவும் இங்கே வேறு விதமாகத் தெரிகின்றன. மண் உறைந்து உப்பி, உருகி இறங்கும்போது இளம் வேர்கள் அறுந்துபோகின்றன. ஓடும் நீர் மண்ணை அரித்துக் கூழாங்கல்லை வெளியே விடுகிறது. சத்து குறைவு. உயரமாக வளரும் செடிகளுக்கு இது பிழைக்க முடியாத இடம். முப்பூ ஜங்கஸுக்கும் இது சுலபமான இடமில்லை. ஆனால் போட்டியாளர்கள் வர முடியாததால் அதற்கு வெளிச்சம் மிஞ்சுகிறது. வளர்வதற்குக் கஷ்டமான இடம்தான் அதைக் காப்பாற்றுகிறது.

வெப்பத்துக்குப் பங்கே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. நார்வேயின் தாவரவியலாளர் ஐலிஃப் டால் 1951-ல் ஸ்காண்டிநேவிய மலைச் செடிகள் பலவற்றின் எல்லைகளைக் கோடையின் உச்ச வெப்பநிலையோடு ஒப்பிட்டார். பல செடிகள் ஒரு குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டிக் கீழே இறங்குவதில்லை என்று காட்டினார். வெப்பம் ஏறினால் செடியின் சுவாசம் கூடும், சேமித்தது கரையும். போட்டியும் வெப்பமும் சேர்ந்து எல்லையை வரைகின்றன. எது எவ்வளவு என்பது இனத்துக்கு இனம் மாறும்.

மறுபடி ஒருமுறை: முப்பூ ஜங்கஸ் குளிரைத் தாங்கும், ஆக்சிஜனற்ற மண்ணைத் தாங்கும், குறைந்த சத்தைத் தாங்கும். நிழலைத் தாங்காது.

திறந்த நிலம் மூடினால்

இதிலிருந்து ஒரு கவலையும் பிறக்கிறது. பூமி சூடாகும்போது இந்தச் செடி வெயிலில் கருகிச் சாகும் என்று கற்பனை செய்ய வேண்டாம். கோடை நீள்கிறது, உயரமான புற்களும் புதர்களும் மேலே வர முடிகிறது, கூழாங்கல் தரை மூடிக்கொள்கிறது. பனி சீக்கிரம் உருகினால் கசிவும் சீக்கிரம் வற்றும். பார்ப்பவருக்கு மலை முன்பைவிடப் பச்சையாகத்தான் தெரியும். பச்சை கூடுவதை எப்போதும் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை இங்கே விட வேண்டியிருக்கிறது.

மனிதர் நேரடியாக அழிப்பதும் உண்டு. வட இங்கிலாந்தில் அப்பர் டீஸ்டேல் என்ற பள்ளத்தாக்கில், சர்க்கரைபோல உதிரும் சுண்ணாம்புப் பாறைமீது, பனியுகத்துக்குப் பிந்தைய காலத்திலிருந்தே காடு முழுதாக மூடாத நிலம் உண்டு. முப்பூ ஜங்கஸ் உட்படப் பல எச்சத் தாவரங்கள் அங்கே ஒன்றாக வாழ்கின்றன. அங்கே கௌ கிரீன் நீர்த்தேக்கம் கட்ட 1967-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. தாவரவியலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 1971-ல் தேக்கம் கட்டி முடிந்தது, அரிய செடிகள் வளர்ந்த நிலத்தில் ஒரு பகுதி நீருக்குள் போனது. தண்ணீரில் வாழும் செடிதானே, தண்ணீர் வந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு, கசிவு நிலமும் ஏரியும் ஒன்றல்ல என்பதே பதில். இலையும் தண்டும் முழுதாக மூழ்கினால் காற்றறைத் திசுவுக்குள் இறங்கக் காற்று ஏது?

அடையாளம் காண்பது எப்படி?

முப்பூ ஜங்கஸோடு குழம்பக்கூடிய ஒரு நெருங்கிய சொந்தம் ஜங்கஸ் பைக்ளூமிஸ். அதுவும் குளிர் நிலக் கசிவுகளில் வளர்வது, பென் லாயர்ஸில் இரண்டுமே உண்டு. பைக்ளூமிஸில் வழக்கமாக இரண்டு பூக்கள், ஒன்றின்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கும், கீழேயுள்ள செதில் பூக்களைத் தாண்டி நீண்டிருக்கும், காயின் உச்சி நடுவில் குழிந்திருக்கும். முப்பூ ஜங்கஸில் மூன்று பூக்களும் ஒரே மட்டத்தில் இருக்கும், செதில் பூக்களைத் தாண்டி அப்படி நீளாது, காயின் உச்சியில் சிறு முனை துருத்தும். பூக்களை எண்ணுவதை மட்டும் நம்ப வேண்டாம். எண்ணிக்கை இரண்டிலும் மாறக்கூடியது. அமர்ந்திருக்கும் மட்டத்தைப் பாருங்கள்.

நார்வேக்கோ ஸ்காட்லாந்துக்கோ போக வாய்ப்பில்லாதவர்கள் ஜங்கஸ் பேரினத்தை நம் மலைகளிலேயே பார்க்கலாம். தென்னிந்திய மலைகளின் ஈர நிலங்களிலும் இலங்கையின் மலைநாட்டிலும் ஜங்கஸ் பிரிஸ்மாடோகார்பஸ் வளர்கிறது. முப்பூ ஜங்கஸைவிட உயரமானது, பூங்கொத்துகளும் அதிகம். ஆனாலும் பூவை உருப்பெருக்கியில் பார்த்தால் அதே ஆறு இதழ்கள், முற்றிய காயில் அதே மூன்று வெடிப்புகள். செடியைப் பிடுங்க வேண்டாம். இலையை மட்டும் விரல்களுக்கிடையே வைத்து மெல்ல நீவிப் பாருங்கள். உள்ளே குறுக்குச் சுவர்கள் வரிசையாகத் தட்டுப்படும், அவற்றுக்கு நடுவில் இருப்பது காற்று.